அலமாரிக்குள் ஓர் அத்தை

அந்த வீட்டில் யார் எந்த மனநிலையில் எழுந்திருக்கிறார்கள் என்பதைச் சின்னவள் காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். மாமனார் என்றால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்து கேஸ் சிலிண்டர் முன்னால் நிற்பார். முப்பது வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தீ அவரை விடவில்லை. தினமும் குனிந்து சிலிண்டரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார். சின்னவளின் கணவன் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன், காலையில் அவன் வருவதே கேட்காது. பாதித் தூக்கத்தில் மிதந்து வருவான். அன்று ஏழு மணிக்குக் கேட்டது பெரியவளின் காலடி. அது தரையில் விழுந்த வேகத்தைக் கேட்டுச் சின்னவள் முன்ஜாக்கிரதையாக அடுப்பைச் சிறிதாக்கி வைத்தாள்.

பெரியவள் மூத்த மருமகள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உத்தியோகம். வீட்டிலும் எதிரில் நிற்பவர்களைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நிற்பவர்களைப் போலத்தான் பார்ப்பாள். எங்கே போகணும், எத்தனை பேர், சில்லறை இருக்கா, அவ்வளவுதான் பேச்சு. மனசு கெட்டதில்லை. வாய்க்கும் மனசுக்கும் நடுவே அந்தக் கண்ணாடி இருந்தது. இன்று அவள் கையில் மகளின் பள்ளி டைரி இருந்தது.

"இதப் படி."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விளையாட்டு ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார். 'மாதவிடாய் வலி என்று சொல்லி இந்த மாதம் மூன்று முறை வெவ்வேறு வாரங்களில் விளையாட்டு வகுப்புக்கு வரவில்லை. மருத்துவரிடம் காட்டவும். பெற்றோர் கையெழுத்து தேவை.'

ஒரே மாதத்தில் மூன்று முறை. பொய் சொல்கிறவள் ஒரு காலண்டரைப் பார்த்துவிட்டாவது சொல்லக் கூடாதா என்று நினைத்ததும் சின்னவளின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடக்கத்தான் பார்த்தாள். பெரியவளுக்குக் கள்ள நோட்டைப் பிடித்துப் பழகிய கண்.

"சிரிக்கிற. அப்போ உனக்குத் தெரியும்."

"ஐயோ, இல்லக்கா..."

"என் பொண்ணு பெரியவளானது கேம்ஸ் மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்தவ எனக்கு மட்டும் டைரியில எழுதி அனுப்பித்தான் தெரியணுமா? நான் என்ன இந்த வீட்டுல வாடகைக்கா இருக்கேன்?"

"அவகிட்டயே கேளுங்களேன்க்கா..."

"அவ வாயத் திறந்தா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்? கேட்டா பாத்ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிறா. உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். தெரியாது என்றால் அது பொய். சின்னவள் தரையைப் பார்த்தாள்.

"நான் சொல்றதுக்கு இல்லக்கா. அவதான் சொல்லணும்."

பெரியவளின் முகம் சிவந்துவிட்டது. அதற்குள் பள்ளி பஸ் சத்தம் கேட்க, வீட்டார் எல்லாரும் வாண்டு என்று கூப்பிடும் அந்தப் பதினாலு வயசுப் பெண், இப்போது சித்தியைவிட ஒரு சாண் உயரம், பையைத் தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி ஓடினாள். பெரியவளுக்கும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "மத்தியானம் வந்து பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிலிண்டர் அருகே நின்றிருந்த மாமனார் காபியை உறிஞ்சிவிட்டு, "வாசனை எதுவும் வரல, ஆனா எங்கியோ கசியுது" என்றார்.

கசிந்தது சின்னவளின் மனசுதான். அவளுக்குத் தெரியும் என்பது உண்மை. அந்த வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகத் தெரியும். அதுதான் தொல்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் பிரசவ வார்டில் நர்ஸ். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் பெரியவளுக்கு வாண்டு பிறந்தாள். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெரியவளின் கணவர் தொலைதூர பஸ் ஓட்டுநர், இரண்டு நாள் வீட்டில் இருந்தால் நாலு நாள் சாலையில். பிரசவ விடுப்பு முடிந்ததும் குழந்தையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. எல்லாரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். சின்னவள் மட்டும் குழந்தையைப் பார்த்தாள். அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். ஒரு வருஷம்தானே என்று சொன்னாள். அந்த ஒரு வருஷம் பன்னிரண்டு வருஷம் ஓடியது. அவளுக்கென்று ஒரு குழந்தை வரவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வாண்டு பெரிய வகுப்புக்குப் போனபிறகு ஒருநாள் பழைய வார்டு சிநேகிதி போன் செய்தாள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சரியாகச் சொல்லித்தர இணையத்தில் 'கேட்டால் என்ன' என்று ஒரு தளம் தொடங்கியிருக்கிறார்கள், நர்ஸாக இருந்த ஆள் வேண்டும், முகம் காட்ட வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றாள். பருவமாற்றம், மாதவிடாய், பையன்களின் குரல் உடைவது, கரு உருவாவது எப்படி, யாராவது தப்பாகத் தொட்டால் என்ன செய்வது என்று பத்துப் பத்து நிமிஷப் பாடங்கள். படங்கள் அவர்கள் வரைவார்கள், குரல் இவளுடையது. கூடவே ஒரு கேள்விப் பெட்டி. பிள்ளைகளும் கேட்கலாம், பெற்றவர்களும் கேட்கலாம். பதில் எழுதுபவளுக்கு அங்கே வைத்த பெயர் 'பக்கத்து வீட்டு அத்தை'. பெட்டிக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'கேட்டது யார் என்று யாரிடமும் சொல்லமாட்டோம். உங்கள் அம்மாவிடம்கூட.'

குரல் பதிவு செய்ய நிசப்தம் வேண்டும். அந்த வீட்டில் நிசப்தம் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், பின்னறையில் சுவரோடு சேர்ந்த ஆளுயரத் துணி அலமாரி. தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். உள்ளே ஒரு முக்காலி, ஒரு சின்ன மைக், மடிக்கணினி. அந்துருண்டை நெடிக்கு மட்டும் மருந்தில்லை. பாடத்துக்கு ஒருமுறை மூன்று தும்மல் வரும், மூன்றாவதோடு ஒரு "அய்யோ சாமி" சேர்ந்து வரும். முதலில் அதை வெட்டித்தான் அனுப்பினாள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்று தளத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் இதைச் சொல்லாததற்குக் காரணம் பெரியவள்தான். முன்பு பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு வைத்தபோது, "படிக்க அனுப்பினா கண்டதையும் சொல்லித் தர்றாங்களா?" என்று தலைமையாசிரியை அறைக்கே போய்ச் சண்டை பிடித்தவள். அதனால் சின்னவள் டைப் அடிக்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். கணவனுக்கு மட்டும் உண்மை தெரியும். அதுவும் பாதிதான், மீதியைத் தெரிந்துகொள்ள அவனுக்குக் கூச்சம்.

ஒரு மாதத்துக்கு முன்னால் பெட்டியில் ஒரு கேள்வி வந்தது. 'எனக்கு வயது பதினாலு. கிளாஸில் எல்லாருக்கும் பீரியட்ஸ் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. கேலி செய்வார்களே என்று வந்ததாகப் பொய் சொல்லிவிட்டேன். இப்போது அதற்காக அடிக்கடி வயிற்றுவலி என்று நடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஏதாவது வியாதியா? அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. எங்கள் தாத்தா தினமும் சிலிண்டரை மோந்து பார்ப்பார், அவர் காதில் விழாமல் இந்த வீட்டில் எதுவும் பேச முடியாது.'

சின்னவள் முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் எத்தனை தாத்தாக்கள் தினமும் சிலிண்டரை மோந்து பார்ப்பார்கள்?

எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் பெட்டிக்கு மேலே இருந்த வரி தடுத்தது. அத்தையை நம்பிக் கேட்டவளுக்கு அத்தைதான் பதில் சொல்ல வேண்டும். எழுதினாள். ஒன்பது வயதிலும் வரும், பதினைந்திலும் வரும். உடம்பில் மற்ற மாற்றங்கள் தொடங்கியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மாற்றமும் இல்லையென்றால் இப்போதே டாக்டரைப் பார்க்க வேண்டும், பதினைந்து முடிந்தும் வராவிட்டாலும் பார்க்க வேண்டும். பொய்யை மட்டும் அம்மாவிடம் சொல்லி இறக்கி வைத்துவிடு. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருந்தால், துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

பத்து நாள் கழித்து இன்னொரு கேள்வி. 'ஒரு நாளைக்கு நானூறு பேருக்கு டிக்கெட் கொடுக்கிறேன், நானூறு பேரிடமும் பேசுகிறேன். என் பெண்ணிடம் நாலு வார்த்தை பேச வரவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் சித்தியிடமே போகிறாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போன பாவம் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை, நான் எப்படிச் சொல்லித் தருவது?'

அதைப் படித்துச் சின்னவள் அலமாரிக்குள் கொஞ்சம் அழுதாள். பதினாலு வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்தும் பெரியவளுக்குள் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரியாமல் போயிற்றே. அவளுக்கும் பதில் எழுதினாள். அதே பதில்தான். துணி மடியுங்கள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது பெரிய கூத்து. கவுன்ட்டரிலிருந்து வந்ததும் பெரியவள் துவைத்த துணியைக் கொண்டுவந்து கூடத்தில் குவித்து உட்காருவாள். ஐந்தாவது நிமிஷம் வாண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். இருவரும் வாயைத் திறக்காமல் மடிப்பார்கள். துணி தீர்ந்துவிடும், பேச்சு தொடங்கியிருக்காது. மறுநாள் பெரியவள் மடித்த துணியையே உதறிவிட்டு மறுபடி உட்காருவாள். வாண்டு அழுக்கே ஆகாத போர்வையைத் துவைக்கப் போடுவாள். "என் சட்டைய இந்த வாரம் நாலு தடவ மடிச்சாச்சு, நான் இன்னும் ஒரு தடவகூடப் போடல" என்று மாமனார் புலம்பினார். சின்னவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, "பேசித் தொலைங்களேன்" என்று வாய்க்குள்ளேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அப்படி இரண்டு வாரம் ஓடிய பிறகுதான் இந்த டைரி வந்தது.

மத்தியானம் இரண்டரைக்குப் பெரியவள் திரும்பினாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. மகளின் அலமாரியைக் குடைந்தாள். நாப்கின் எதுவும் இல்லை. அப்போ வேற யாரோ வாங்கித் தர்றாங்க என்று நேரே பின்னறைக்குப் போனாள். மைக், முக்காலி, தரம் பார்த்துச் சொல்வதற்காகச் சின்னவள் சேர்த்து வைத்திருந்த எட்டு விதமான நாப்கின் பாக்கெட்டுகள், படங்கள், எல்லாம் வரிசையாகக் கூடத்துக்கு வந்தன. கடைசியாகச் சிவப்புத் துணியில் பஞ்சடைத்துத் தைத்த ஒரு கருப்பை. இரண்டு பக்கமும் குழாய், முனையில் பொத்தான் வைத்த சினைப்பைகள். பாடத்துக்காகச் சின்னவள் தன் கையால் தைத்தது.

பெரியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது போன வருஷம் காணாமப் போன என் தலகாணி உறை."

"அது கிழிஞ்சிருந்ததுக்கா..."

"பேசாத." சாப்பிட வந்திருந்த சின்னவளின் கணவன் தட்டோடு எழுந்து நின்றான். மாமனார் நாற்காலியை அரையடி பின்னால் நகர்த்திக்கொண்டார். "என் பொண்ண மடியில போட்டுக்கிட்டுத் தனியா பாடம் நடத்தியிருக்க. இத்தன நாப்கினும் அவளுக்குத்தானே?"

"இல்லக்கா. அவளுக்கு இல்ல. நான் ஆன்லைன்ல பாடம் எடுக்கறேன். ரெண்டு வருஷமா. வயசுப் பிள்ளைங்களுக்கு அவங்க உடம்பப் பத்திச் சொல்லித் தர்ற வேல. உங்களுக்குப் பிடிக்காதுன்னு சொல்லல... அது என் தப்புதான்."

"அப்போ என் பொண்ணுக்கு வந்தது?"

சின்னவள் கீழே விழுந்த ஒரு பாக்கெட்டை எடுத்து வரிசையில் வைத்தாள். வரவே இல்லை என்ற இரண்டு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வார்த்தையும் அவளுடையது இல்லை.

"சொல்லிடேன்" என்றான் கணவன் மெதுவாக. "தெரிஞ்சா சொல்லிடேன், அண்ணி அழறாங்க பாரு."

"எனக்குச் சொல்ல உரிமை இல்லங்க."

"பாத்தீங்களா தம்பி? சொல்லமாட்டா." பெரியவள் போனை எடுத்தாள். "சொல்லித் தர்றதுன்னா எப்படின்னு நான் காட்டறேன். எனக்கும் ஒருத்தங்கள இன்டர்நெட்ல தெரியும். முகம்கூடப் பாத்ததில்ல. ஒரு சந்தேகம் கேட்டேன், எப்படி எழுதியிருக்காங்க கேளு. 'உட்கார வைத்துக் கேட்டால் பிள்ளைகளுக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். கை வேலை செய்யட்டும், பக்கத்தில் உட்காருங்கள். முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள். அவள் கதை தானாக வரும்.' எவ்வளவு பக்குவம்... எவ்வளவு மரியாத... அவங்ககிட்ட இருந்து நீ கத்துக்கணும்."

சின்னவள் தான் எழுதிய வரிகளைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அது நான்தான் அக்கா என்று சொல்லிவிடலாம். சொன்னால் பெரியவள் கூனிக் குறுகிப் போவாள். மனம் விட்டுப் பேச அவளுக்கு இருந்த ஒரே இடமும் மூடிப்போகும். அதே பெட்டியில் மகளும் கேட்டாளா என்று அடுத்த நொடியே சந்தேகம் வரும். வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

"நாளையிலேருந்து இந்த வேல இந்த வீட்டுல நடக்கக் கூடாது" என்றாள் பெரியவள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் நிறுத்தவிடவில்லை. "ஒரு பொண்ணப் பெத்திருந்தாத்தான் உனக்கு என் வயித்தெரிச்சல் தெரியும்."

மாமனார் மட்டும் எழுந்து, "அம்மா, அந்த வார்த்த வேணாம்மா" என்று பெரியவளைப் பார்த்துச் சொன்னார். சொல்லியாகிவிட்டதே. பெரியவளுக்கே நாக்கு சுட்டதுபோல இருந்தது. ஆனால் திரும்ப வாங்க வழி தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றாள்.

"சரிக்கா" என்றாள் சின்னவள். "விட்டுடறேன்."

ஓரமாக உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பெட்டியில் நாற்பத்தொரு கேள்விகள் காத்திருந்தன. மீசை ஏன் ஒரு பக்கம் மட்டும் முளைக்கிறது என்று ஒரு பையன். முத்தம் கொடுத்தால் கர்ப்பம் ஆகிவிடுமா என்று பயந்துபோய் ஒரு பெண். யார் இவர்களுக்குச் சொல்வார்கள்? பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு வேலையை விட்டபோது கையில் குழந்தை இருந்தது, துக்கம் தெரியவில்லை. இன்று கை காலியாக இருந்தது. 'இந்த மாதத்தோடு விடைபெற விரும்புகிறேன்' என்று அடிக்கத் தொடங்கினாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

நாலேகாலுக்கு வாண்டு வந்தாள். கூடத்தில் பரப்பி வைத்திருந்த நாப்கின் கண்காட்சியைப் பார்த்தாள். தாத்தா கையில் தலகாணி உறைக் கருப்பை இருந்தது. அம்மாவின் கண்ணும் சித்தியின் கண்ணும் சிவந்திருந்தன. பையைக் கீழே வைத்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த துணிக்குவியலை இழுத்துக் கூடத்து நடுவில் போட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாத்தாவின் சட்டையை ஐந்தாவது முறையாக மடிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, இங்க வந்து உக்காருங்க. என் முகத்த மட்டும் பாக்காதீங்க."

பெரியவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டைக் கையில் எடுத்தாள்.

"எனக்கு இன்னும் வரவே இல்லம்மா" என்றாள் வாண்டு, சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே. "எல்லாருக்கும் வந்துடுச்சு. நான்தான் கடைசி. அதனால எனக்கும் வந்துடுச்சுன்னு கிளாஸ்ல சொல்லிட்டேன். அப்புறம் வயித்து வலின்னு நடிச்சேன். எத்தன நாளைக்கு ஒரு தடவ நடிக்கணும்னு தெரியல. அதான் மூணு தடவ ஆயிடுச்சு."

பெரியவளின் கையிலிருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது. "வரலியா? அப்போ இந்த நாப்கின்..."

"அது எனக்கு இல்லம்மா."

"அப்போ உன் சித்தி..."

"சித்தி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தகூடச் சொல்லல." பெரியவளின் குரல் இறங்கிவிட்டது. "ஏன்டி, இத என்கிட்ட வந்து சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தாம்மா தினமும் வந்து உக்காந்தேன். நீங்க ஆரம்பிப்பீங்கன்னு பாத்தேன். நீங்க ஒரே துண்டையே மடிச்சிட்டிருந்தீங்க."

"துணி மடிக்கும்போது சொல்லணும்னு... உனக்கு யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு அத்தை."

பெரியவள் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். பதிலின் அடியிலும் அதே பெயர்தான் இருந்தது. பிறகு மைக்கைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள். கடைசியாக, மடிக்கணினிக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்த ஓரகத்தியைப் பார்த்தாள். கவுன்ட்டர்க்காரிக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை.

"அத்தை யாருன்னு எனக்கு முதல்லயே தெரியும்" என்றாள் வாண்டு. "ஸ்கூல்ல ஒருநாள் மத்தியானம் ஒரு ஃப்ரெண்டு அத்தையோட பாடத்தப் போட்டா. நடுவுல மூணு தும்மல், அப்புறம் 'அய்யோ சாமி'. வேற யாருக்கு வரும்? நேர்ல வந்து கேட்டா சித்தி அழுதுடுவாங்க. அதான் பெட்டியில போட்டேன். தாத்தாவோட சிலிண்டர் விஷயத்த எதுக்கு எழுதினேன்னு நினைச்சீங்க சித்தி? நீங்க கண்டுபிடிக்கணும்னுதான். கண்டுபிடிச்சும் கடைசி வரைக்கும் காட்டிக்கவே இல்லையே நீங்க."

சின்னவளால் அதற்கு மேல் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவள் துண்டோடு எழுந்து வந்தாள். மடிக்கணினித் திரையில் பாதி அடித்திருந்த வரியைப் படித்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அனுப்பாத." மூடியைப் படக்கென்று சாத்தினாள். "நான் எழுதினது உனக்குத் தெரியும். அப்பவே தெரியும். நான் இவ்வளவு பேசியும் நீ..." கண்ணாடித் தடுப்பு உடைந்துவிட்டது. கொழுந்தன், மாமனார், யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல் சின்னவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். வாண்டு இருவர் மேலும் வந்து விழுந்தாள். அவள் உயரத்துக்கு மூவரும் சாயாமல் இருந்ததே பெரிய விஷயம்.

பிறகு மூவரும் துணி மடித்தார்கள். அன்றுதான் பெரியவளுக்குக் கதை வந்தது. "எனக்கும் லேட்டுதான்டி. பதினஞ்சு நெருங்கித்தான் வந்துச்சு. நானும் ஃப்ரெண்டுங்ககிட்ட வந்துடுச்சுன்னு சொல்லி வெச்சிருந்தேன். நிஜமா வந்தப்போ, எங்கியோ அடிபட்டுட்டேன்னு நினைச்சு ஒரு நாள் முழுக்க நொண்டிக்கிட்டே நடந்தேன்."

"எதுக்கும்மா நொண்டினீங்க?"

"அடிபட்டா நொண்டணும்ல?"

வாண்டு சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். இவ்வளவையும் கேட்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த மாமனார், மெல்லத் திரும்பி, கையிலிருந்த சிவப்புப் பஞ்சுப் பொதியை உயர்த்திக் காட்டினார். "ஏம்மா சின்னவளே, இதுல இந்தப் பொத்தான் எதுக்கு? எழுபத்தோரு வயசாச்சு, இதெல்லாம் ஒருத்தனும் எனக்குச் சொல்லல." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். அன்று கடைக்குத் திரும்பாமல், கூச்சத்தில் சமையலறைக்குள் ஒதுங்கியிருந்த கணவன்கூடக் கதவோரம் நின்று கேட்டான்.

டைரியில் பெரியவள் கையெழுத்துப் போட்டாள். மேலே ஒரு வரியும் எழுதினாள். 'வலி சரியாகிவிட்டது. நாளை முதல் ஓடுவாள்.'

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பெரியவள் அழுதாள், கட்டிக்கொண்டாள், சாயங்காலம் தானே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், இன்னொரு தலகாணி உறையும் கொடுத்தாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு மூன்று நாள், மைக் முன்னால் உட்காரும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து போனது.

நாலாம் நாள் பெரியவள் வேலையிலிருந்து வரும்போது காகிதத்தில் சுற்றி ஒரு பலகை கொண்டுவந்தாள். பழசாகிவிட்டது என்று அங்கே கழித்துப் போட்டதாம். கேட்டு வாங்கியிருக்கிறாள். ஆணி அடித்து அலமாரிக் கதவில் தானே மாட்டினாள். 'இந்தக் கவுன்ட்டர் மூடப்பட்டுள்ளது. அடுத்த கவுன்ட்டருக்குச் செல்லவும்.'

"நீ பேசும்போது இது தொங்கும். எவனாவது கதவத் தட்டினா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று தும்மல் தும்மிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். புதிதாக ஒரே ஒரு கேள்வி வந்திருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

'அத்தைக்கு. கோபத்தில் ஒருத்தியிடம் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். என் பெண்ணை என்னைவிட அதிகமாக வளர்த்தவள் அவள். முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கொடுத்த டிக்கெட்டைத் திரும்ப வாங்கி ரத்து செய்ய எனக்குத் தெரியும். சொன்ன வார்த்தையை எப்படி ரத்து செய்வது?'

அடியில் பெயர் இல்லை. சின்னவள் அதை இரண்டு முறை படித்தாள். பதில் எழுத விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். மைக்கை அணைத்துவிட்டு அலமாரிக் கதவைத் திறந்தாள்.

பின்னறைத் தரையில் மலைபோலத் துணி குவிந்திருந்தது. பக்கத்தில் பெரியவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் கதவிலிருந்த பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள். யார் கேட்டார்கள் என்று அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.